லண்டனுக்கும் சூரிச்சுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம்

நான் முதன்முதலில் விமானத்தில் ஏறியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பே எங்கள் சொந்தபந்தத்தில் நான்தான் விமான நிபுணன். திருவனந்தபுரம் பாளையத்தில் ஒரு டிராவல் ஏஜென்சியில் எனக்கு வேலை. விசா படிவம் நிரப்புவேன், பாஸ்போர்ட்டை நகல் எடுப்பேன், டிக்கெட்டைப் பளபளப்பான கவருக்குள் போட்டுப் போகிறவர் கையில் கொடுத்து "ஹேப்பி ஜர்னி" சொல்வேன். டிக்கெட் போடும் கம்ப்யூட்டர் பக்கம் என்னை விடமாட்டார்கள். ஆனால் பாறசாலையில் எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் பறந்தால், கிணற்றடியில் நிற்கிற பெண்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள், அடுத்து என்னைப் பார்ப்பார்கள். நான் கையை நெற்றியில் வைத்து, கொஞ்சம் யோசித்து, "மஸ்கட்" என்பேன். ஒருவரும் மறுத்ததில்லை. மறுக்க அவர்களிடம் ஆதாரம் இல்லை. என்னிடமும் இல்லை என்பதை நான் பெரிதுபடுத்தியதில்லை.

இந்த நிபுணத்துவம் ஒரு கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

எனக்கு ஒரே அக்கா. நர்ஸ். இரண்டாயிரமாவது வருடம் பிறந்த பிறகு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். போன மறுவருடம் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சூரிச்சில் ஒரு ஓட்டலில் சமையல்காரர். அவருடைய அப்பா ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியார், எங்கள் சர்ச் சபையில் எல்லோருக்கும் தெரிந்தவர். ஜாதகம் பார்க்கிற வேலை எங்களுக்கு இல்லை. குடும்பமும் குணமும் பிடித்தால் போதும். இரண்டும் பிடித்துவிட்டது. ஒரே சிக்கல், கல்யாணமானாலும் இரண்டு வருடத்துக்கு அக்கா லண்டன் வேலையை விட முடியாது, அவராலும் சூரிச்சை விட முடியாது. லீவு கிடைக்கும்போது ஒருவரை ஒருவர் போய்ப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. அக்காவுக்குச் சம்மதம். ரொம்பவே சம்மதம் என்பது, அவள் போனில் "உங்க இஷ்டம்மா" என்று நாலு தடவை சொன்னதில் தெரிந்தது. அதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தத்துக்கு ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை.

இங்கேதான் மாமா வருகிறார். அம்மாவின் அண்ணன். பொன்முடி மலையடிவாரத்தில், வித்துராவில் மிளகு, பாக்கு வாங்கி விற்கும் மலஞ்சரக்குக் கடை வைத்திருந்தார். அப்பா போனபிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதில் கடைசி வார்த்தை அவருடையது. அவர் வீட்டு வழியில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுப்பதற்கு முன், நம் வீட்டு ஆள் ஒருவர் மாப்பிள்ளை ஊர் வழியில் ஒரு தடவை போய்த் திரும்பிவந்து, போக எவ்வளவு நேரம், வர எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும். கிலோமீட்டர் கணக்கு செல்லாது. நேரக் கணக்குதான். எங்கள் பெரியம்மாவைப் போனக்காடு எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்தபோது யாரும் போய்ப் பார்க்கவில்லை, பக்கம்தானே என்று விட்டுவிட்டார்கள். பக்கம்தான். ஆனால் பஸ் கிடையாது. தாத்தா இறந்த செய்தி போய் அவள் வந்து சேர்ந்தபோது கல்லறை மண்ணும் காய்ந்திருந்தது. அன்றுமுதல் மாமா இந்த வழக்கத்தைப் பத்துக் கட்டளைகளோடு பதினோராவதாகச் சேர்த்துக்கொண்டார்.

"அவளுக்கு அங்க ஒரு காய்ச்சல் வந்தா, அவன் எப்ப வந்து சேருவான்? அது தெரியணும்" என்றார் மாமா. "லண்டனுக்கும் அந்த ஊருக்கும் நடுவுல யாருலே போயிட்டு வர?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"போக வேண்டாம் மாமா" என்றேன். "நான் ஆபீஸ்ல இருந்தே பாத்துச் சொல்லிருதேன்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எனக்கே ஆசை. ஆயிரக்கணக்கான பேரை விமானத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறேன், ஐரோப்பாவில் ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் ஆபீசில் உலகம் என்றால் வளைகுடா. அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் சுவரில் தொங்கும் காலண்டர் படம்.

முதலில் பள்ளிக்கூட அட்லஸை எடுத்தேன். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து லண்டனில் ஒரு நுனி, சூரிச்சில் ஒரு நுனி வைத்து, கீழேயிருந்த அளவுகோலில் பிடித்துப் பார்த்தேன். எண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் ஒரு கடலும் ஒரு பிரான்சும். இங்கேயிருந்து அதே தூரத்துக்கு ரயில் ஏறினால், கட்டுச்சோறு இரண்டு வேளைக்கு வேண்டும். நூலைத் திருவனந்தபுரத்தில் வைத்து வடக்கே நீட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஊர்களெல்லாம் நூலுக்குள் அடங்கிவிட்டன. நான் போன ஊர்கள் அதன் கால்வாசியிலேயே முடிந்துவிட்டன. அவ்வளவு தூரத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வருகிற தூரம்போல் அக்கா பேசுகிறாளே என்று ஆச்சரியமாக இருந்தது.

அடுத்தது நேரம். எங்கள் ஆபீசில் தலையணை கனத்தில் ஒரு டைம்டேபிள் புத்தகம் உண்டு. எறும்பு வரிசைபோல் எழுத்து. சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது புரட்டினேன். லண்டனில் காலை ஒன்பதுக்குக் கிளம்பி, சூரிச்சில் பதினொன்று நாற்பதுக்கு இறங்குகிறது. சூரிச்சில் மாலை ஆறுக்குக் கிளம்பி, லண்டனில் ஆறு நாற்பதுக்கு இறங்குகிறது.

வேறு யாராவது என்றால் போக இரண்டே முக்கால், வர முக்கால் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். நான் அவ்வளவு முட்டாள் இல்லை. அதற்கு அடுத்த படியில் இருக்கிற முட்டாள். அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படிதான் நேரம் போட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சரிசெய்ய எங்கள் ஆபீசில் ஒரு வாய்ப்பாடு உண்டு. துபாய், ஷார்ஜா, மஸ்கட் எல்லாம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். ஆகவே மேற்கே போகிற விமானத்துக்கு ஒன்றரையைக் கூட்டு, கிழக்கே வருகிற விமானத்துக்கு ஒன்றரையைக் கழி. திருவனந்தபுரத்தில் அப்பா வளைகுடாவில் இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். பேசக் கற்கும் முன்பே, அப்பா போன் எப்போது அடிக்கும் என்று தெரிந்த பிள்ளைகள். இந்த ஒன்றரை, நமக்கும் துபாய்க்கும் நடுவில் மட்டும் உள்ள சமாசாரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உலகம் முழுக்க நேர வித்தியாசம் என்றால் அது ஒன்றரை மணி நேரம் என்றே நினைத்திருந்தேன், ஒரு கிலோ என்றால் எங்கேயும் ஒரு கிலோ என்பதுபோல.

சூரிச் கிழக்கே. இரண்டு நாற்பதில் ஒன்றரை கழித்தேன். போக ஒரு மணி பத்து நிமிஷம். திரும்புவது மேற்கே. நாற்பது நிமிஷத்தோடு ஒன்றரையைக் கூட்டினேன். வர இரண்டு மணி பத்து நிமிஷம்.

ஒரே வழி, போக ஒரு நேரம், வர அதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. புத்தியுள்ளவன் இங்கே நின்று தன் கணக்கைச் சந்தேகப்பட்டிருப்பான். நான் சுவிட்சர்லாந்தைச் சந்தேகப்பட்டேன்.

சனிக்கிழமை மாமா வந்தார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கினேன். "லண்டன் சமதரை மாமா. சூரிச் மலை. ஏறதுக்கு ஒண்ணு பத்து, இறங்கதுக்கு ரெண்டு பத்து."

"ஏறதுக்கில்லா கூடுதல் ஆகணும்?"

"பொன்முடி பஸ்ஸ நினைச்சுப் பாருங்க. ஏறும்போது டிரைவர் மிதிச்சு ஏத்திருவாரு. இறங்கும்போதுதான் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு பிரேக்குல கால வச்சுக்கிட்டு, சின்ன கியர்ல உருட்டி உருட்டி வருவாரு. பிளேனும் அப்பிடித்தான். மலையில இருந்து இறங்கும்போது பாத்துத்தான் இறங்கணும்."

மாமா நாற்பது வருடமாகப் பொன்முடி வழியில் பஸ் ஏறுகிறவர். இப்படி ஒரு விளக்கத்தை ஏற்றுக்கொள்ள அவரைவிடத் தகுந்த ஆள் இல்லை. "அது சரிதான்" என்று தலையை ஆட்டினார். "நம்ம மருமொவன் விஷயம் தெரிஞ்சவன்." அம்மா என்னைப் பெருமையோடு பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் இரண்டு மலையை நடுவில் போட்டிருப்பேன்.

அடுத்த வாரம் வாத்தியார், அதாவது மாப்பிள்ளையின் அப்பா, முடிவு பேச வந்தார். எல்லாம் நன்றாகப் போனது. மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டும், அதை எங்கள் பக்கம் ஓலை வாசிப்பது என்போம். முதல் ஓலை எந்த ஞாயிறு என்பதுவரை வந்துவிட்டார்கள். டீயும் வாழைக்காய் உப்பேரியும் வந்தன. அப்போது மாமா, வழக்கத்தை முழுமைப்படுத்துகிற மாதிரி, "உங்க பையன் அங்கேயிருந்து லண்டனுக்கு வர எவ்வளவு நேரம் வாத்தியாரே?" என்றார்.

"ஒரு மணி நாப்பது நிமிஷம்" என்றார் வாத்தியார்.

"லண்டன்ல இருந்து இவ போறதுக்கு?"

"அதும் ஒரு மணி நாப்பதுதான். மகன் எழுதியிருக்கான்."

மாமா டீயைக் கீழே வைத்தார். "போகவும் வரவும் ஒண்ணுபோல இருக்கிற வழி உலகத்துல உண்டா? நான் வித்துராவுல இருக்கிறவன். எங்க ஆளு புஸ்தகத்தப் பாத்துச் சொல்லியிருக்கான். அவன் வர்றதுக்கு ரெண்டு பத்து ஆகும். அரை மணி நேரத்த ஏன் கொறச்சுச் சொல்லுதீங்க?"

"நான் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன்" என்றார் வாத்தியார். குரல் உயரவில்லை, ஆனால் காது சிவந்துவிட்டது. "என் மகன் பொய் எழுத மாட்டான்."

"அப்ப எங்க மருமொவன் பொய் சொல்லுதானா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் உப்பேரியைப் பார்த்தேன். வாத்தியார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். பாதி டீ அப்படியே இருந்தது.

"அரை மணி நேரத்த ஒளிக்கிறவன் இன்னும் என்னத்த எல்லாம் ஒளிச்சிருக்கானோ" என்றார் மாமா. "ஓலை இப்ப வேண்டாம்." அம்மா மீதி டீயை வாசலில் கொட்டினாள். போனக்காட்டுப் பெரியம்மா அவள் நினைவில் வந்திருப்பாள். அவளும் வேண்டாம் என்கிறாள் என்றுதான் அர்த்தம்.

ஞாயிறு மத்தியானம் அக்கா போன் செய்தாள். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "என்னலே சொல்லி வச்சிருக்க?" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆபீசில், டிக்கெட் போடும் சேச்சியிடம் போனேன். பத்தனம்திட்டைக்காரி, என்னைவிட நாலு வயது மூத்தவள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் உரிமையால் என்னைக் கிண்டல் செய்யும் உரிமையும் பெற்றவள். மாப்பிள்ளை வீட்டார் பொய் சொல்கிறார்கள் என்று நிரூபித்துத் தரச் சொன்னேன். என் கணக்குத் தாளையும் கொடுத்தேன். மலை, பிரேக், சின்ன கியர் எல்லாம் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், வரிசையில் நின்ற அபுதாபிக்காரர் ஒருவர் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தார்.

"எடா, அவிடே ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு மணிக்கூர்தான் வித்தியாசம். உன் ஒன்றரையை எவிடுந்நு கொண்டுவந்நு?"

"துபாய்…" என்றேன்.

"சூரிச்சில இருந்து லண்டனுக்குத் துபாய் வழியா போகாது மோனே."

அவளே கழித்தும் கூட்டியும் காட்டினாள். இரண்டு நாற்பதில் ஒன்று போனால் ஒன்று நாற்பது. நாற்பது நிமிஷத்தோடு ஒன்றைக் கூட்டினாலும் ஒன்று நாற்பது. மலையும் இல்லை, கியரும் இல்லை. என்னுடைய இரண்டு தப்பான விடையையும் கூட்டிப் பாதியாக்கியிருந்தால்கூடச் சரியாக ஒன்று நாற்பது வந்திருக்கும். இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்ய ஒரு திறமை வேண்டும்.

அன்று மாலையே வித்துரா பஸ்ஸில் ஏறினேன். கடையில் மாமா மிளகைக் கையில் அள்ளி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். பூமியின் சுழற்சி, கடிகாரம், எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"போன வாரம் ஒண்ணு சொன்ன. இந்த வாரம் ஒண்ணு சொல்லுத. அடுத்த வாரம் என்ன சொல்லுவ?"

"இதான் சரி மாமா."

"அதும் சரின்னுதான சொன்ன. பிரேக்கு, கியரு…" மிளகைச் சாக்கில் போட்டார். "புஸ்தகத்தப் பாத்துச் சொல்லுறதே தப்பு. நம்ம வழக்கம் அது இல்ல. போன ஆளு சொல்லட்டும், நான் கேக்கேன்."

எங்கள் வீட்டில் யார் போயிருக்கிறார்கள்? திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வாய்ப்பாட்டால் அக்காவின் வாழ்க்கையை வகுத்துவிட்டேனே என்று நினைத்தபோது, எனக்கே என்னைக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை. அது அபூர்வம்.

வியாழக்கிழமை அக்கா ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டாள். இரவு டூட்டி முடிந்து வந்திருந்தாள், குரல் தேய்ந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன், மாமா சொன்னதையும் சொன்னேன். "பிளேன்ல ஒண்ணு நாப்பதுன்னு நான் நிரூபிச்சிட்டேன்க்கா. ஆனா அவரு கேக்க மாட்டேங்காரு."

"பிளேன்ல ஒண்ணு நாப்பது சரி" என்றாள். "ஆனா ஒண்ணு நாப்பதுல யாருலே போக முடியும்? என் வாசல்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு ஒண்ணேகால். ரெண்டு மணி நேரம் முன்னாடியே போகணும். இறங்கி வெளிய வர அரை மணி. அங்கேயிருந்து ரயில்ல பத்து நிமிஷம், டிராம்ல பன்னிரண்டு நிமிஷம். டிராம்ல இருந்து இறங்கி மேட்டுல நாலு நிமிஷம் நடக்கணும். பனி பெய்ஞ்சா ஏழு."

நான் பேனாவால் எழுதிக்கொண்டே வந்தேன். ஏழு என்று எழுதியபிறகு பேனா நின்றது. விமான நேரம் டைம்டேபிளில் இருக்கும். ரயில் நேரம் எங்கேயாவது இருக்கும். பனியில் மேடு ஏறினால் மூன்று நிமிஷம் கூடும் என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

"அக்கா" என்றேன்.

நான் கண்டுபிடித்துவிட்டது அவளுக்கும் புரிந்துவிட்டது.

"கூட ரெண்டு பிள்ளைகளும் வந்தாங்க. என் வார்டுல வேல பாக்கிறவங்க" என்றாள். "மலை பாக்கணும்னு போனோம்."

"மலை பாத்தீங்களா?"

"மேகமா இருந்துச்சு." பிறகு, "லே, அம்மாகிட்ட சொல்லிராத" என்றாள்.

"வரும்போது எவ்வளவு ஆச்சு? மாமா கேப்பாரு."

யோசித்துச் சொன்னாள். "ஆறேமுக்கால். லண்டன்ல பாஸ்போர்ட் வரிசை நீளம்."

அந்தச் சனிக்கிழமை மாமாவை வரச்சொல்லி ஆள் விட்டேன். அம்மா மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். நான் தாளைப் பிரித்து வாசித்தேன். வாசலில் இருந்து வாசல்வரை, போக ஆறு மணி நேரத்துக்கு ஆறு நிமிஷம் குறைவு, பனியையும் சேர்த்து. வர ஆறேமுக்கால். ஒவ்வொரு இடத்தையும் வரிசையாகச் சொன்னேன். மாமா விரல் மடக்கிக் கேட்டார். ஒன்று நாற்பது ஆறு மணி நேரமானதில் அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். மாறாக, முகம் தெளிந்தது.

"இதுதான் வழி" என்றார். "போக ஒண்ணு, வர ஒண்ணு. இது போன ஆளு சொன்னது. யாருலே போனது?"

"நம்பலாம் மாமா. நம்ம ஆளுதான்."

"நம்ம ஆளு யாரு அங்க…" என்று தொடங்கி நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. ஒரு கிழங்கை முழுதாக உரித்துத் தண்ணீரில் போட்டாள். "தனியாவா போச்சு அந்த ஆளு?" என்றாள்.

"இல்லம்மா. கூட ரெண்டு பேரு."

"எல்லாம் பொம்பளப் பிள்ளைகளா?"

"ஆமா."

அடுத்த கிழங்கை எடுத்தாள். "அடுக்களை எப்பிடியாம்?"

அதை நான் கேட்கவில்லை என்றேன். கேட்டிருக்க வேண்டாமா என்பதுபோல் பார்த்தாள். மாமா தொண்டையைச் செருமினார். போய் வருவது ஆண்பிள்ளை செய்யவேண்டிய காரியம் என்று ஏதோ சொல்ல வந்தார்.

"யாரு போனா என்ன? வழி வழிதான?" என்றாள் அம்மா. "அண்ணா, நீ ஏழு மணிக்குள்ள வாத்தியார் வீட்டுக்குப் போயிட்டு வா. தப்பு நம்ம பக்கம். ஓலைய இந்த மாசமே வாசிக்கலாம்னு சொல்லு."

மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னையும் கூப்பிட்டார். வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய் என்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. நான் சட்டை மாற்றிக்கொண்டு படியிறங்கும்போது அம்மா பின்னாலிருந்து என்னை மட்டும் கூப்பிட்டாள்.

"மக்களே, நாளைக்கு அவ போன் பண்ணும்போது நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீயும் நான் கேட்டேன்னு சொல்லாத." கையிலிருந்த கிழங்குத் தோலை உதறினாள். "அந்த வீட்டுல கனமா போர்வை உண்டான்னு மட்டும் எப்பிடியாவது கேட்டு வை."